கொற்றவையும் அதீனாவும்

மும்பை மாநகரின் ஆரவாரத்தை விட்டு வடகிழக்கே செல்லும் மின்சார இரயிலில் ஏறினால், கல்யாணைக் கடந்த சிறிது நேரத்தில் உல்லாஸ்நகரை அடையலாம். 1947 ஆம் ஆண்டில் நாடு பிரிவுற்றபோது, பிறந்த மண்ணை இழந்து வந்த சிந்தி மக்களுக்குப் புகலிடமாக அமைந்த ஊர் அது. போர்க்காலத்தில் படைவீரர் தங்கியிருந்த கொட்டகைகளே முதலில் அவர்களுக்கு இல்லங்களாயின. அதனாலேயே அவ்வூரின் பகுதிகள் இன்றும் 'கேம்ப்' என்ற சொல்லோடு ஓர் எண்ணையும் சேர்த்து வழங்கப்படுகின்றன. 1949 ஆகஸ்டு 8 ஆம் நாள் அந்நகருக்கு அடிக்கல் நாட்டியவர், அந்நாளில் கவர்னர் ஜெனரலாக விளங்கிய இராஜாஜி. வீடிழந்தோர் ஊருக்குத் தொடக்கம் செய்த கை ஒரு தமிழரின் கை என்பது நாம் நினைந்து மகிழத்தக்கதாகும்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழ்வதுபோலவே இப்பக்கத்திலும் தமிழர் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் நவராத்திரியின் ஒன்பதாம் நாள் வந்துவிட்டால், நம் வீட்டுப் பிள்ளைகள் புத்தகங்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றனர். பட்டறையில் உழைக்கும் தந்தையரோ சுத்தியலுக்கும் தையல் இயந்திரத்திற்கும் பொட்டிட்டு மாலை சூட்டுகின்றனர். அறிவின் கருவியும் தொழிலின் கருவியும் ஒரே நாளில், ஒரே தாயின் திருமுன் வைக்கப்படுகின்றன. அப்போது, ஆங்கிலப் பள்ளியில் பயிலும் சிறுமி ஒருத்தி இவ்வாறு கேட்பதுண்டு: "எங்கள் பாடத்தில் அதீனா என்று ஒரு கிரேக்கத் தெய்வம் வருகிறாள். அறிவுக்கும் அவளே, போருக்கும் அவளே. நம் கொற்றவைதானே அவள்?"

கேள்வி சிறிது, விடையோ சிறிதன்று. 'ஆம்' என்று சொல்லிவிட்டால் பிள்ளை மகிழும். நமக்கும் பெருமையாக இருக்கும். ஆயினும் அவ்விடை உண்மைதானா? ஒரு தெய்வத்தை மற்றொரு தெய்வத்தின் பெயரால் அழைப்பதால் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சியைத் தொடங்குவதற்கு உல்லாஸ்நகரை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அதன் அண்டையூராகிய கல்யாண், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மொழியில் எழுதப்பட்ட நூலொன்றில் இடம் பெற்றிருக்கின்றது. 'எரித்திரைக் கடல் செலவு' என்று நாம் கூறத்தக்க அந்நூல், கி.பி. முதல் நூற்றாண்டில் கடலோடி வாணிகம் செய்த ஒருவரால் இயற்றப்பட்டது. அவர் பெயர் தெரியவில்லை. 'கல்லியேனா' எனக் கல்யாணைக் குறிப்பிடும் அவர், முன்பு முறையான சந்தைப் பட்டினமாய் இருந்த அவ்வூரில் பின்னர்த் தடைகள் மிகுந்தன என்றும், அங்கே வந்துசேரும் கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பரிகாசாவுக்குக் கொண்டுசெல்லப்படக் கூடும் என்றும் எழுதுகிறார். பரிகாசா என்பது இன்றைய பரூச் நகரம். யவன அரசராகிய மினாந்தரின் பழைய காசுகள் அந்நகரில் தம் காலத்திலும் செல்லுபடியாயின என்றும் அவர் கூறுகிறார். மினாந்தரின் வெள்ளிக் காசுகள் பலவற்றில், கேடயம் ஏந்தி இடியேற்றை வீசி நிற்கும் அதீனாவின் உருவம் பொறிக்கப்பட்டிருப்பதை நாம் இன்றும் காணலாம். ஆகவே, மேலைக்கரைக்கு அதீனா அக்காலத்திலேயே வணிகர் மடியில் அமர்ந்து வந்து சேர்ந்தாள்.

அதே நூலாசிரியர் தென்கோடிக்கும் செல்கிறார். குமரி என்னும் முனையையும் துறையையும் குறிப்பிடுகிறார். துறவு பூண விரும்பும் ஆடவர் அங்கு வந்து நீராடி மணவாழ்வை நீக்கி வாழ்கின்றனர் என்றும், மகளிரும் அவ்வாறே செய்கின்றனர் என்றும், தெய்வமகள் ஒருத்தி முன்னொரு காலத்தில் அங்கே தங்கி நீராடினாள் எனச் சொல்லப்படுவதே அதற்குக் காரணம் என்றும் எழுதிவைத்தார்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அக்கடலோடி கிரேக்க மொழியில் எழுதியவர். அவர் அறிந்த உலகத்திலும் மணம் புரியாத கன்னித் தெய்வம் ஒருத்தி இருந்தாள், அவளே அதீனா. குமரித்தெய்வத்தை 'அதீனா' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு அவர் மேலே சென்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 'ஒரு தெய்வமகள்' என்றார், கேட்டதைக் கேட்டவாறே எழுதினார், அத்துடன் நிறுத்தினார். குமரிப் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் கல்யாண் பக்கத்தில் வந்து வாழும் நமக்கு, அவ்விரண்டு ஊரையும் ஒரே ஏட்டில் எழுதிய அந்த மனிதரின் அடக்கம் ஒரு நல்ல பாடமாகும்.

அந்த அடக்கம் பிற்காலத்தாருக்கு வாய்க்கவில்லை. முதலில் அதீனாவின் கதையையே பார்ப்போம். உரோமர் தம் தெய்வமாகிய மினர்வாவும் கிரேக்கரின் அதீனாவும் ஒன்றே என்று கொண்டனர். ஐரோப்பியர் பலர் அதீனாவை மினர்வாவின் வழியாகவே அறிந்தனர்; கல்விச்சாலைகளின் வாயில்களிலும் நூலகங்களின் முகப்புகளிலும் அறிவின் சின்னமாக அவள் உருவை அமைத்தனர். அப்பெயர் மும்பைக்கும் வந்தது. சோராப் மோடி 1936 ஆம் ஆண்டில் தொடங்கிய படநிறுவனத்தின் பெயர் 'மினர்வா மூவிடோன்'. 1975 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஷோலே' என்னும் இந்திப்படம் ஐந்தாண்டுக் காலம் ஓடிய திரையரங்கின் பெயரும் மினர்வா. அவ்வரங்கு இன்று இல்லை. அங்கே படம் பார்த்துத் திரும்பிய தமிழருள் எத்தனை பேர் தாம் ஒரு போர்த்தெய்வத்தின் மாளிகையிலிருந்து வருவதாக எண்ணியிருப்பர்?

'அறிவுத் தெய்வம்' என்ற பெயரே அதீனாவைப் பாதி மறைத்துவிடுகின்றது. கிரேக்கப் புராணத்தில் அவளுடைய தாயின் பெயர் மேத்திஸ். அச்சொல் மெய்ஞ்ஞானத்தைக் குறிப்பதன்று. காலமும் இடமும் கருதி, செய்வதைச் செம்மையாகச் செய்து முடிக்கும் கூர்மதியைக் குறிப்பது. திருவள்ளுவர் ஆளும் 'சூழ்ச்சி' என்ற சொல் இதற்கு மிக நெருங்கியது. இன்று சூழ்ச்சி என்றால் சதி என்று பொருள் கொள்கிறோம். வள்ளுவருக்கோ அது ஆராய்ந்து தெளியும் திறன். அத்தகைய அறிவுதான் அதீனாவினுடையது. நெசவும், மரவேலையும், குதிரையை அடக்கும் கடிவாளமும் அவளுடைய கலைகள். 'தொழில் புரிபவள்' என்றே அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஏதென்ஸ் நகரத்துப் பெருவிழாவில் அவளுக்குப் படைக்கப்பட்டது, அந்நகரப் பெண்கள் நெய்த ஆடை. ஆகவே ஏட்டறிவை மட்டும் அவளுக்கு உரிமையாக்கியது, தறியையும் உளியையும் அவள் கையிலிருந்து பறித்ததாயிற்று.

போரிலும் அப்படியே. கிரேக்கருக்கு ஏரிஸ் என்று மற்றொரு போர்த்தெய்வமும் உண்டு. வெறிகொண்டு கொன்று குவிக்கும் போர் ஏரிஸினுடையது. நகரைக் காக்கவும், படையை நெறிப்படுத்தவும், சினத்தை அடக்கவும் நிற்பவள் அதீனா. ஹோமரின் இலியதக் காப்பியத்தின் தொடக்கத்தில், வேந்தனை வெட்ட வாளை உருவும் அக்கிலீசின் தலைமயிரைப் பின்னிருந்து பற்றி நிறுத்துபவள் அவளே. போர்த்தெய்வத்தின் முதற்செயல் ஒரு கொலையைத் தடுப்பதாக அமைந்தது சிந்திக்கத்தக்கது.

இன்னொரு பிழை அண்மைக்காலத்தில் பெரிதும் பரவியிருக்கின்றது. மெதூசா என்னும் பெண் அதீனாவின் கோயிலில் கடல்தெய்வத்தால் கெடுக்கப்பட்டாள் என்றும், குற்றம் செய்தவனை விட்டுவிட்டு அப்பெண்ணின் கூந்தலையே பாம்புகளாக்கி அதீனா தண்டித்தாள் என்றும் ஒரு கதை சொல்லப்படுகின்றது. 'கிரேக்கரின் தெய்வம் இவ்வளவு கொடியவளா!' என்று பலர் வெகுள்கின்றனர். ஆனால் அக்கதையை அவ்வடிவத்தில் கூறியவர் கிரேக்கர் அல்லர்; கி.பி. 8 ஆம் ஆண்டளவில் இலத்தீனில் பாடிய உரோமப் புலவராகிய ஓவிட். அவருக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஹெசியோது பாடிய கதையில், மெதூசா பிறப்பிலேயே கோர்கன் என்னும் இனத்தைச் சேர்ந்தவள். கடல்தெய்வம் அவளைக் கூடியது புல்வெளியில். அங்கே அதீனாவின் கோயிலும் இல்லை, சாபமும் இல்லை. ஒரு நாட்டுப் புலவர் பாடியதற்கு மற்றொரு நாட்டுத் தெய்வத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது.

அவள் தோற்றமும் திரிந்தது. ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிலில் பீதியாசு என்னும் சிற்பி அமைத்து, கி.மு. 438 இல் நிறுவப்பட்ட அதீனாவின் திருவுருவம் ஏறக்குறைய 12 மீட்டர் உயரம் உடையது. பொன்னாலும் தந்தத்தாலும் இயன்றது. அக்கோயிலின் பளிங்குச் சிற்பங்களும் வண்ணம் தீட்டப்பட்டவையே. காலத்தால் வண்ணம் அழியவே, வெண்மைதான் கிரேக்கக் கலையின் இலக்கணம் என்று பிற்காலத்தார் கருதினர். இலண்டன் பிரித்தானியக் காட்சிச்சாலையில் உள்ள பார்த்தினன் சிற்பங்கள் சிலவற்றை, வெண்மையாக்கும் பொருட்டு 1937, 1938 ஆம் ஆண்டுகளில் கருவி கொண்டு சுரண்டியதும் நிகழ்ந்தது. தம் கருத்துக்குத் தெய்வம் இசையாதபோது தெய்வத்தையே சுரண்டிவிட்டனர் போலும்!

பிறப்பிடம் பற்றியும் வழக்கு எழுந்தது. எகிப்து நாட்டு நேயித் என்னும் தெய்வமே அதீனா என்று எண்ணியோர் பண்டைக்காலத்திலும் உண்டு. 1987 ஆம் ஆண்டில் மார்ட்டின் பெர்னால் என்னும் அறிஞர் 'கறுப்பு அதீனா' என்ற நூலின் முதற்பகுதியை வெளியிட்டு, அப்பெயரே எகிப்தியச் சொல்லிலிருந்து வந்தது என்றார். ஐரோப்பியர் கீழைநாட்டுக் கொடைகளை மறைத்தனர் என்று அவர் சுட்டிய குறை பலரைச் சிந்திக்க வைத்தது. ஆனால் அச்சொல் வரலாற்றை மொழியறிஞர் ஏற்கவில்லை. இதற்கிடையே, 1952 ஆம் ஆண்டில் மைக்கேல் வென்றிசு என்பவர் கிரீட்டுத் தீவின் பழைய களிமண் ஏடுகளைப் படிக்கும் வழியைக் கண்டிருந்தார். அவற்றுள் ஒன்றில், 'தலைவி' என்று பொருள்படும் சொல்லோடு சேர்ந்து அதீனாவின் பெயர் காணப்படுகின்றது. ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவள் பெயர் அந்நிலத்தில் வழங்கியது என்பதற்கு அந்த ஏடு சான்று.

பிறநாட்டார் செய்த பிழைகளைக் கண்டு நாம் நகைத்தல் எளிது. நம் கொற்றவைக்கு நாம் செய்திருப்பது என்ன?

கொற்றம் என்ற சொல் வெற்றியையும் அரசாட்சியையும் குறிக்கும். கொற்றத்தை அருளும் தாய் கொற்றவை. தொல்காப்பியப் புறத்திணையியல், பகைவரின் ஆநிரையைக் கவரும் வெட்சித்திணையில் 'கொற்றவை நிலை' என்பதனை வைத்துக் கூறுகின்றது. இனி, நம்முள் பலர் பள்ளியில் படித்த ஒன்றை நினைவு கூர்வோம். 'பாலை நிலத்தின் தெய்வம் கொற்றவை எனத் தொல்காப்பியம் கூறும்' என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஏட்டைப் புரட்டினால் அவ்வாறு இல்லை. அகத்திணையியல் காட்டுக்கும் மலைக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் முறையே மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்னும் நால்வரை மட்டுமே சொல்கின்றது. பாலைக்குத் தெய்வம் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்தின் கருத்து. பாலைக்குரியவளாகக் கொற்றவையை வைத்தது பிற்கால மரபு. அம்மரபும் மதிக்கத்தக்கதே, ஆனால் ஒரு நூல் சொல்லாததை அந்நூலின்மேல் ஏற்றிச் சொல்லுதல், ஓவிட் கதையைக் கிரேக்கர் தலையில் சுமத்துவது போன்றதே.

அடுத்து, ஒன்றற்கொன்று முரணான இரண்டு கூற்றுகள் நம்மிடையே உலவுகின்றன. கொற்றவை என்பது துர்க்கைக்குத் தமிழில் இட்ட பெயர், அவ்வளவுதான் என்பது ஒன்று. கொற்றவை தனித் தமிழ்த்தெய்வம், வடவர் தெய்வத்தோடு அவளுக்கு எத்தொடர்பும் இருந்ததில்லை, பிற்காலத்தில்தான் துர்க்கை அவளை விழுங்கினாள் என்பது மற்றொன்று. இருதரப்பாரும் உரத்த குரலில் பேசுகின்றனர். நூல்கள் தாழ்ந்த குரலில் வேறொன்றைச் சொல்கின்றன.

திருமுருகாற்றுப்படை முருகனை விளிக்கும்போது மலைமகளின் மகன் என்கிறது. கொற்றவையின் மைந்தன் என்கிறது. பழையோளின் குழந்தை என்றும் சொல்கிறது. இமயத்து மலைமகளும் போர்க்களத்துக் கொற்றவையும் தொன்மையான தாயும் ஒரே பாட்டில், ஒரே மகனின் அன்னையராய் நிற்கின்றனர். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில், எயினர்குலத்துக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகின்றனர். பன்றியின் கொம்பு பிறையாகின்றது; புலிப்பல் தாலியாகின்றது; கலைமான் ஊர்தியாகின்றது. இவை காட்டு மக்களின் பொருள்கள். ஆனால் அதே பகுதியில் அத்தெய்வத்துக்கு நெற்றிக்கண்ணும், நஞ்சுண்ட கண்டமும், எருமைத்தலைப் பீடமும், திருமாலுக்குரிய சங்கும் சக்கரமும் கூறப்படுகின்றன. இளங்கோவடிகள் காலத்திலேயே இருநீரும் கலந்துவிட்டன. எந்தத் துளி எந்த ஆற்றினது என்று பிரித்தெடுக்க இன்று நம்மால் இயலுமா?

நூலில் கண்டதைக் கல்லிலும் காணலாம். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் தேவியின் இருபுறத்தும் மேலே ஒரு மானும் ஒரு சிங்கமும் செதுக்கப்பட்டுள்ளன. சிங்கம் மகிடனை வென்ற துர்க்கையின் ஊர்தி. மான் எயினர் வழிபட்ட கொற்றவையின் ஊர்தி. தஞ்சைக்கு அருகில் உள்ள புள்ளமங்கைக் கோயிலிலும் எருமைத்தலைமேல் நிற்கும் தேவியின் இருமருங்கும் இவ்விரண்டு விலங்குகளும் உள்ளன. பல்லவர் காலத்துச் சிற்பியும் சோழர் காலத்துச் சிற்பியும் மானை விரட்டவில்லை, சிங்கத்தையும் விலக்கவில்லை. நாம்தான் இரண்டில் ஒன்றைத் துரத்த முற்படுகிறோம்.

மூன்றாவது பிழை சற்றுக் கற்றோரிடையே வழங்குவது. கொற்றவை தாய்த்தெய்வம், ஆகவே பண்டைத் தமிழகத்தில் பெண்களே ஆண்டனர், அவள் அக்காலத்தின் எச்சம் என்பது அது. இக்கருத்தின் வேர் எங்கே இருக்கின்றது? 1861 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாகோபன் என்பவர் 'தாயுரிமை' பற்றி ஒரு பெருநூல் எழுதினார். மனித குலம் முழுவதும் முதலில் தாயாட்சியில் இருந்தது என்றும், பின்னர்த் தந்தையாட்சி வென்றது என்றும், அந்த வெற்றியைத் தாயின்றித் தந்தையின் தலையிலிருந்து வெளிப்பட்ட அதீனாவின் கதை காட்டுகிறது என்றும் அவர் கருதினார். நம் பழைய நூல்கள் பலவோ அதற்குப் பின்னரே அச்சேறின. சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889 இலும் சிலப்பதிகாரத்தை 1892 இலும் வெளியிட்டனர். நூல்கள் வெளிவந்த காலத்தில் ஐரோப்பாவின் கொள்கைகள் ஆயத்தமாய்க் காத்திருந்தன. பழைய பாட்டுக்குப் புதிய சட்டையை அளவு பாராமல் மாட்டிவிட்டோம்.

பெண்தெய்வத்தின் பேராற்றலைக் கொண்டு பெண்களின் நிலையை அளக்க முடியாது. இதற்கு ஏதென்ஸ் நகரமே தக்க சான்று. ஊரின் பெயரே தெய்வத்தின் பெயர். ஊரின் உச்சியில் அவள் கோயில். காசில் அவள் முகம். ஆயினும் அவ்வூரின் பேரவையில் பெண்ணுக்கு வாக்கு இல்லை. நம் நாட்டிலும், கொற்றவையைப் பாடிய சங்கநூல்கள்தாம் கைம்மை நோன்பின் துயரையும் பாடுகின்றன. கோயிலில் அம்மன் அரசாள்வதால் வீட்டில் பெண் அரசாள்கிறாள் என்று ஆறுதல் கொள்ளுதல், நாம் செய்யவேண்டிய கடமையிலிருந்து தப்பிக்கும் வழியேயாகும்.

நான்காவது பிழை நமக்கு மிக நெருக்கமானது. கொற்றவை என்றாலே குருதியும் பலியும் பேய்க்கூத்துமே நம் நினைவுக்கு வருகின்றன. அவையும் உண்மைதான். தன் தலையைத் தானே அரிந்து தரும் வீரனின் உருவம் அவள் காலடியில் சிற்பமாக நிற்கின்றது. விசயாலய சோழன் தஞ்சையைக் கைப்பற்றியதும் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் காளிக்குக் கூழ் சமைக்கின்றன. ஆனால் போர்க்களத்தையும் அரண்மனையையும் விட்டு வீட்டு வாயிலுக்கு வந்து பார்த்தால், அவளுடைய மற்றொரு முகம் தெரியும்.

குறுந்தொகையில் ஒரு பாட்டு. பொருள் தேடத் தலைவன் நெடுந்தொலைவு போய்விட்டான். மலைக்குகையில் உறையும் சூலிக்கு நேர்த்திக்கடன் செய்வதும், கையில் காப்புநூல் கட்டுவதும், நிமித்தம் பார்ப்பதும், நற்சொல் கேட்கப் போய் நிற்பதும் பிரிந்தவன் திரும்பி வரும்பொருட்டு வீட்டிலிருப்போர் செய்யும் செயல்கள். அப்பாட்டின் தலைவி அவற்றை எல்லாம் செய்யேன் என்று ஊடலோடு சொல்கிறாள். செய்யேன் என்று அவள் சொல்வதிலிருந்தே, மற்றவர் எல்லாரும் செய்தனர் என்பது விளங்குகின்றது. சூலம் ஏந்திய அத்தேவியைக் கொற்றவை என்றே பலர் கொள்வர். வேந்தனுக்கு வேண்டியது பகைவரை வெல்லும் வெற்றி. பிரிந்திருக்கும் பெண்ணுக்கு வேண்டியது, போனவன் நலமாய்த் திரும்பும் வெற்றி. ஒரே தெய்வத்திடம் இரண்டையும் கேட்டனர்.

நேயர்களே, இப்பாட்டு யாருடைய பாட்டு? பொருள்வயிற் பிரிந்து மேலைக்கரைக்கு வந்த நம்முடைய பாட்டு அன்றோ? திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மும்பைக்கு வண்டியேறிய முன்னோர் பலருக்காக, ஊரில் ஒரு தாயோ மனைவியோ ஏதேனும் ஓர் அம்மன் கோயிலில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருப்பாள். கொற்றவை 'தமிழரின் அதீனா' என்று சொல்லிவிட்டால், அந்த முடிச்சுக்கு அங்கே இடமில்லை. தெய்வத்தோடு சேர்த்து நம் பாட்டியையும் நாம் இழந்துவிடுகிறோம். பெயர் மாற்றத்தால் நாம் அடையும் இழப்பு இதுவே.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம், ஒன்று என்று முடிவு கட்டலாகாது. அதீனாவிடம் நெசவும் போரும் நகர்க்காவலும் ஒருங்கே குடிகொண்டன. நம் மரபில் வெற்றிக்குக் கொற்றவை, கல்விக்குக் கலைமகள். கலைமகளுக்கெனத் திருவாரூர்ப் பக்கத்தில் கூத்தனூரில் தனிக்கோயிலே உண்டு. இவ்வாறு தனித்தனியே நிற்கும் தேவியரை ஒரு கொலுமேடையில் கூட்டி வைப்பது நவராத்திரி. அதன் ஒன்பதாம் நாளில் ஏடும் சுத்தியலும் ஒன்றாய்ப் பொட்டணிகின்றன. அந்நாளை மராத்தியர் 'கண்டே நவமி' என்று வழங்கி, ஆயுதங்களையும் தொழிற்கருவிகளையும் வழிபடுவர். சிவாஜி மன்னரின் குலதெய்வமாகிய துளஜாப்பூர்ப் பவானியும் மகிடனை வென்ற தேவியே. தொழில் செய்யும் கைக்கும் அறிவுக்கும் தெய்வத்தன்மை உண்டு என்று ஏதென்ஸ் நகரத்தார் உணர்ந்தனர், நாமும் உணர்ந்தோம், நம் அண்டைவீட்டாரும் உணர்ந்தனர். உணர்வு ஒத்தது, தெய்வம் வேறு. ஒத்ததைக் கண்டு மகிழ்வோம், வேறானதை மதிப்போம்.

இறுதியாக ஒரு காட்சி. மதுரையில் பாண்டியன் கோயில் வாயில். ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி, விரிந்த கூந்தலோடு ஒரு பெண் வந்து நிற்கிறாள். வாயிற்காவலன் நடுங்கி உள்ளே ஓடுகிறான். அரசனிடம் அவன் என்ன சொன்னான்? எருமைத்தலைப் பீடத்தில் நின்ற கொற்றவை அல்லள் என்றான். எழுவர் கன்னியருள் இளையவளும் அல்லள் என்றான். இறைவனை ஆடச்செய்த அணங்கும் அல்லள்; கானகத்தை விரும்பிய காளியும் அல்லள்; தாருகனின் மார்பைப் பிளந்தவளும் அல்லள் என்றான். பிறகுதான், கையில் பொற்சிலம்பு ஏந்திய, கணவனை இழந்த ஒருத்தி என்றான்.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. தேவியர் ஐவரையும் அக்காவலன் ஐந்து பேராகவே அறிந்திருந்தான். எல்லாம் ஒன்றே என்று குழைத்துவிடவில்லை. இஃது ஒன்று. சினம் கொண்ட பெண்ணைக் கண்டவுடன் தெய்வம் என்று வணங்கி வாயிலோடு அனுப்பிவிடவும் இல்லை; நீதி கேட்டு வந்த மனிதப்பிறவி என்று கண்டுகொண்டான். இது மற்றொன்று. அதற்கு முன்பே, வேட்டுவ வரியில் தெய்வம் ஏறிய சாலினி கண்ணகியைக் கொங்கின் செல்வி என்றும் குடமலை ஆள்பவள் என்றும் புகழ்ந்தபோது, நாணத்தால் கணவன் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிக்கொண்டாள் அந்த நங்கை. தன்னைத் தெய்வமாக்குவதை அவள் கேட்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் ஒரு சிலம்புக்கு உரிய நீதி. அதைக் கேட்கும் செவி முதலில் வாயிற்காவலனுக்குத்தான் இருந்தது.

ஆகவே, உல்லாஸ்நகரில் கேள்வி கேட்ட சிறுமிக்கு நாம் இவ்வாறு விடை சொல்வோம்: "இல்லை, குழந்தாய். அதீனா அதீனாவே, கொற்றவை கொற்றவையே. இருவரையும் உனக்கு அறிமுகம் செய்து வைக்கிறோம். ஒருத்தி தறியில் நெய்தவள். கோபக்காரனின் வாளைத் தடுத்தவள். மற்றவள் மானின்மேலும் வருவாள், சிங்கத்தின்மேலும் வருவாள். உன் கொள்ளுப்பாட்டி, ஊரை விட்டுப் போனவர் திரும்பி வர வேண்டுமென்று யாரிடம் வேண்டினாளோ, அந்தத் தாய்களுக்கு மூத்தவள். யாரேனும் ஒரு தெய்வத்தைப்பற்றி உனக்கு ஒரு கதை சொன்னால், அது எந்த நூலில் உள்ளது, எந்தக் காலத்து நூல் அது என்று கேள்."

கல்யாணையும் குமரியையும் ஒரே நூலில் எழுதிய அக்கடலோடி, கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அதனால்தான் ஈராயிரம் ஆண்டு கழித்தும் அவர் சொல்லை நாம் நம்புகிறோம். நம் பிள்ளைகளும் நம் சொல்லை அவ்வாறு நம்ப வேண்டுமானால், நாமும் அவ்வளவே சொல்வோம்.